சொத்து வழக்குக்குப் பத்திரம் திரட்ட டி.என்.ரெஜிநெட்: எதுவரை கைகொடுக்கும்?

எதிராளி கையில் என்னென்ன பத்திரங்கள் இருக்கின்றன என்று தெரியாமலே பாகப்பிரிவினை வழக்குப் போடுகிறவர்கள் ஏராளம். அதில் பெரும்பகுதியைத் தமிழ்நாடு பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் கட்டணமில்லாமலே பார்த்துவிடலாம். பிராது எழுதும் முன் முதலில் திறக்க வேண்டியது இந்தத் தளத்தைத்தான்.

வில்லங்கச் சான்று பார்வையிடும் பகுதியில் மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், காலம், சர்வே எண், உட்பிரிவு ஆகியவற்றைக் கொடுத்துத் தேட வேண்டும். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் மனுப் போட வேண்டும்.

பதிவு ஏதும் இல்லை என்று வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். இன்றைய பட்டாவில் 45/2பி என்று இருக்கும் நிலம், யு.டி.ஆருக்கு (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) முந்தைய பத்திரத்தில் வெறும் 45/2 ஆக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். நகராட்சிக்குள் வந்துவிட்ட நிலமென்றால் நகர அளவை எண்ணும் வேண்டும். சார்பதிவாளர் அலுவலகம் பிரிக்கப்பட்டிருந்தால் தாய் அலுவலகத்திலும் தேட வேண்டும். இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் கிரயமோ அடமானமோ கண்ணில் படாமல் போகும்.

பதியாத கூர்ச்சீட்டு (குடும்பத்தார் பாகம் பிரித்து எழுதிக்கொண்ட சீட்டு) எப்படித் தேடினாலும் இதில் வராது. பதிந்த உயிலும் வராது. அது 3ஆம் புத்தகத்தில் ஏறுகிறது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் நகல் தருவார்கள். இறந்தபின் யாரும் கேட்கலாம். இறப்புச் சான்றுடன் போங்கள்.

திரையில் இறக்கிய பிரதியை அப்படியே கோர்ட்டில் கொடுக்காதீர்கள், அதில் கையொப்பம் இல்லை. ஆவண எண்ணைக் குறித்துக்கொண்டு, சான்றிட்ட நகலுக்கு அதே தளத்தில் விண்ணப்பியுங்கள். பதிவுச் சட்டம் பிரிவு 57(5)படி அந்த நகல் மூலத்தில் உள்ள வாசகத்துக்குச் சான்று. பத்திரத்தை எழுதிக்கொடுத்தது யார் என்பதற்கு அது சான்றாகாது; அதைச் சாட்சி வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும்.

தளத்தின் வேலை இங்கே முடிகிறது. மூலப்பத்திரம், ரசீது, கணக்கு நோட்டு எல்லாம் எதிராளியின் பீரோவில் இருந்தால் சி.பி.சி. (உரிமையியல் நடைமுறைச் சட்டம்) ஆர்டர் 11தான் வழி. ரூல் 12இல் அவரிடம் உள்ள ஆவணங்களைச் சத்தியப் பிரமாணத்தில் வெளியிடச் சொல்லி கோர்ட்டில் மனுப் போடலாம். ரூல் 14இல் தாக்கல் செய்யச் சொல்லிக் கேட்கலாம். “அவரிடம் உள்ள எல்லாம் வேண்டும்” என்று எழுதிய மனு, ஆதாரம் இல்லாமல் துழாவுவதாகச் சொல்லித் தள்ளுபடியாகும். வில்லங்கத்தில் கிடைத்த ஆவண எண், ஆண்டு, அலுவலகம், வழக்கில் அது எந்த எழுவினாவுக்கு (கோர்ட் தீர்மானிக்க வேண்டிய கேள்விக்கு) தேவை என்று குறிப்பிட்டு எழுதினால் மனு நிற்கும். பத்து நிமிடத் தேடலின் உண்மையான பலன் இதுதான்.

எதிராளி தன் எதிருரையிலேயே (வழக்குக்கு அவர் தரும் எழுத்துப் பதில்) ஒரு ஆவணத்தைச் சொல்லியிருக்கிறார் என்றால் முதலில் மனுவே தேவையில்லை. ரூல் 15படி நோட்டீஸ் கொடுத்தால் போதும். 10 நாளுக்குள் அவர் பதில் தந்து, அதிலிருந்து 3 நாளுக்குள் பார்வையிட நேரம் குறிக்க வேண்டும். காட்டாவிட்டால், தக்க காரணம் சொல்லாமல் அந்த ஆவணத்தைப் பின்னால் தன் தரப்புச் சான்றாக்க முடியாது. நீதிமன்ற உத்தரவையே மீறினால் ரூல் 21: வாதியின் வழக்குத் தள்ளுபடியாகலாம், பிரதிவாதியின் எதிர்வாதம் நீக்கப்படலாம். நோட்டீஸின் அலுவலக நகலில் எதிர்த்தரப்பு வக்கீலின் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸுக்குப் பிறகும் ஆவணத்தைக் காட்டாதபோது, பார்வையிட உத்தரவு கேட்டுப் போடும் ரூல் 18 மனுவோடு முதலில் இணைக்க வேண்டியது அதுதான்.