முகம் ஒருத்தருது, குரல் இன்னொருத்தருது: தி கேனரி மர்டர் கேஸ் (1929)

பேசும்படம் வந்த புதுசுல எடுத்த துப்பறியும் படம்னா எனக்கு எப்பவுமே ஒரு ஆசை, அதுல இதை ரொம்ப நாளா தேடிட்டு இருந்தேன், நேத்து ராத்திரி தான் உக்காந்து முழுசா பார்த்தேன். எஸ்.எஸ். வான் டைன் 1927ல எழுதி அமெரிக்காவுல சக்கை போடு போட்ட நாவல் தான் கதை. நியூயார்க்ல கேனரினு பேர் எடுத்த ஒரு மேடை அழகி, பெரிய இடத்து ஆளுங்களை மிரட்டி காசு பறிக்கிறா, ஒருநாள் அவ ஃபிளாட்லயே பொணமா கிடக்குறா. சந்தேகப்பட ஒரு கும்பலே இருக்கு, துப்பறிவாளர் ஃபைலோ வான்ஸ் உள்ள வர்றார்.

இதை முதல்ல ஊமைப் படமா தான் எடுத்து முடிச்சாங்க. அப்புறம் பேசும்படத்துக்கு மவுசு ஏறினதும் பாரமவுன்ட் கம்பெனி இதையும் பேச வைக்கணும்னு முடிவு பண்ணி, கேனரியா நடிச்ச லூயிஸ் ப்ரூக்ஸை திரும்ப கூப்பிட்டாங்க. அவங்க சம்பள விஷயத்துல ஏற்கனவே கம்பெனியை விட்டு வெளிய வந்தாச்சு, முடியவே முடியாதுன்னுட்டாங்க. அதனால மார்கரெட் லிவிங்ஸ்டன்ங்கிற நடிகையை வச்சு டப்பிங் பண்ணி, சில ஷாட்ல முகம் சரியா தெரியாத மாதிரி அவங்களையே நிக்க வச்சு ஒப்பேத்திருக்காங்க.

அது அப்பட்டமா தெரியுது. ஆரம்பத்துல கேனரி ஊஞ்சல்ல ஆடிட்டு வர்றப்ப கண்ணை எடுக்க முடியல, வாயை திறந்ததும் வேற யாரோ பேசுறாங்க, குரல் அந்த முகத்துல ஒட்டவே மாட்டேங்குது. எனக்கு நெஜமாவே வருத்தமா இருந்துச்சு, ஏன்னா அவங்க படத்துல இருக்குறதே கொஞ்ச நேரம் தான். ஆனா கதையோட முடிச்சும் ஒரு குரல் தான்! பூட்டின கதவுக்கு உள்ள இருந்து ஒண்ணும் இல்லன்னு ஒரு பொம்பளை குரல் கேக்குது, வெளிய நிக்கிறவங்க நம்பிட்டு போயிடுறாங்க, மொத்த கேஸும் அதுல தான் தொங்குது. இதுக்கு மேல சொன்னா படம் கெட்டுடும்.

வான்ஸா நடிச்ச வில்லியம் பவல் பத்தி சொல்லியே ஆகணும். ஊமைப் படத்துல பெரும்பாலும் வில்லனா வந்துட்டு இருந்த மனுஷன், இதுல தான் துப்பறிவாளரா பேச ஆரம்பிக்கிறார், அலட்டாம நிதானமா அழகா பேசுறார், அஞ்சு வருஷம் கழிச்சு தி தின் மேன் படத்துல உச்சத்துக்கு போனதுக்கு விதை இங்கயே தெரியுது. சந்தேகப்படுறவங்களை எல்லாம் சீட்டாட உக்கார வச்சு, யார் எப்படி துணிஞ்சு பந்தயம் கட்டுறாங்கன்னு பார்த்து குணத்தை கணிக்கிற சீன் பிரமாதம், அதுக்காகவே இன்னொரு தடவை பார்ப்பேன். போலீஸ் சார்ஜென்ட் ஹீத்தா வர்ற யூஜின் பாலெட்டோட கரகர குரலும் செமயா பொருந்துது.

குறைன்னா, நடு பகுதி இழுவை. அந்த காலத்துல கேமரா சத்தம் மைக்ல விழக்கூடாதுன்னு அதை பெட்டி மாதிரி ரூமுக்குள்ள அடைச்சு வச்சு எடுப்பாங்க, அதனால நிறைய சீன்ல ஆளுங்க நின்ன இடத்துலயே நின்னு, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்தி பேசுறாங்க. பின்னணி இசையும் பெருசா இல்ல, பழக கொஞ்ச நேரம் ஆகும். வேகமா ஓடுற த்ரில்லர் தான் வேணும்னா இது வேண்டாம், பவல் இதே வான்ஸா நடிச்ச 1933 படம் தி கென்னல் மர்டர் கேஸை பாருங்க, அது சும்மா பறக்கும். லூயிஸ் ப்ரூக்ஸ் முகத்துக்காகவும் அந்த சீட்டாட்டத்துக்காகவும்னா இதை கண்டிப்பா பாருங்க, ஹெட்போன் போட்டு பாருங்க.