9 கிராம் நோயாளிக்கு எந்த வைத்தியம்?

எங்கள் வீட்டுக் குட்டி ஆமைக்கு ஒரே வாரத்தில் இரண்டு கேடு வந்தது. முதலில் கண்கள் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. என்னவென்று பார்க்கத் தூக்கிய என் தங்கை மகன் கைதவறிக் கீழே போட்டுவிட்டான். ஓட்டின் விளிம்பில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. சிங்கப்பூரின் ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தைவிடச் சற்றே பெரிய உயிர் அது. சாம்பார்ப் பொடி நிறுக்கும் தராசில் வைத்தேன், 9 கிராம். இரண்டு நாள் கழித்து வைத்தபோது 8. ஒரு கிராம்தானே என்று தோன்றும். ஆனால் உடம்பில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விட்டது. 60 கிலோ மனிதர் இரண்டே நாளில் ஆறரைக் கிலோவுக்கு மேல் இளைத்தால் வீட்டில் யாராவது சும்மா இருப்பார்களா?

அத்தை தம் பங்குக்கு, "ஆமை புகுந்த வீடு..." என்று இழுத்தார். அமீனா வந்து சேர்வதற்குள் நான் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. மஞ்சள் பூசு என்றார் அத்தை. உலரவைக்கச் சொன்னாள் என் தோழி. கடைக்காரர் சொட்டு மருந்தை நீட்டினார். மருத்துவரிடம் போகலாம் என்றாள் என் மகள். ஒவ்வொன்றையும் செய்துபார்த்தோ விசாரித்தோ எடைபோட்டதைத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் பேசுவது செங்காது ஆமையைப் பற்றி. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்குமே, அது. மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த நீராமை. சிங்கப்பூரில் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி உண்டு. நில ஆமைகளின் கதை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

தண்ணீரிலா, உலரவைத்தா?

ஓட்டில் காயம் என்றால் ஆமையைத் தண்ணீரிலிருந்து எடுத்து ஈரமில்லாத தொட்டியில் வைப்பது ஆமை வளர்ப்பவர்களிடையே பழகிய வழக்கம். காரணம் சரிதான். அழுக்குத் தண்ணீரில் கிடக்கும் வெடிப்பில் கிருமி புகும். காய்ந்த இடத்தில் வெடிப்பு சீக்கிரம் கூடிவரும். கையளவு வளர்ந்த ஆமைக்கு இந்த வழி நன்றாகவே பலிக்கிறது.

குட்டிக்கு அப்படியே பொருந்தாது. இந்த வகை ஆமைகள் தண்ணீருக்குள் இருந்தால்தான் இரையை விழுங்கும். வெளியே வைத்துவிட்டு ஊட்ட முடியாது. அதோடு இத்தனை சிறிய உடம்பிலிருந்து நீர் வற்ற அதிக நேரம் பிடிக்காது. தோழி சொன்னபடி முதல் நாள் இரவு முழுவதும் துணியில் வைத்திருந்தேன். காலையில் கழுத்துத் தோல் சுருங்கி, பின்னங்கால்களுக்கு மேலே குழி விழுந்திருந்தது. அந்த ஒரு கிராமில் பாதியாவது என் தவறு என்றே நினைக்கிறேன்.

அதற்காக முழுநேரமும் வழக்கமான தொட்டியில் விடுவதும் ஆகாது. தளர்ந்த குட்டி ஆழமான தண்ணீரில் மூழ்கிப்போகும். ஆமைதானே, நீந்தாதா என்று கேட்பார்கள். அதற்கும் மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். நான் கடைசியில் பிடித்துக்கொண்டது இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி. ஐஸ்கிரீம் டப்பாவில் ஓட்டின் உயரத்துக்கு மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர், ஏறி உட்கார ஒரு தட்டைக் கல். காயத்துக்கு மருந்து வைத்தபின் ஒரு மணி நேரம் உலர்வு, பிறகு மறுபடியும் தண்ணீர். தினமும் முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டும். வாளியில் ஓர் இரவு வைத்துவிட்டால் குளோரின் போய்விடும் என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது. நம் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின்; காத்திருந்தால் அது அவ்வளவு எளிதில் போகாது. மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கி இரண்டு சொட்டுப் போதும்.

மஞ்சளும் அயோடினும்

அத்தையின் மஞ்சளை நான் ஏளனம் செய்ய மாட்டேன். என் முழங்கால் காயங்கள் எல்லாம் அதில்தான் ஆறின. ஆனால் ஆமை ஓட்டில் குழைத்துப் பூசினால் மூன்று தொல்லைகள். தண்ணீரில் கரைந்து டப்பாவைக் கலங்கடிக்கும். சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கியது அல்ல. எல்லாவற்றையும்விட, காயத்தின் நிறத்தை மறைத்துவிடும். சிவக்கிறதா, ஊறுகிறதா என்று தினமும் பார்க்க வேண்டிய இடத்தில் மஞ்சள் மட்டும்தான் தெரியும். எண்ணெயில் குழைத்தால் இன்னும் மோசம்.

மருந்துக்கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் இந்தப் போட்டியில் எளிதாக வெல்கிறது. புட்டியிலிருந்து அப்படியே வைக்கக் கூடாது. பாலில்லாத தேநீரை நிறையத் தண்ணீர் விட்டு நீர்த்தால் என்ன நிறம் வருமோ அந்த நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். பஞ்சுக் குச்சியால் வெடிப்பில் மட்டும் ஒற்றி, சில நிமிடம் விட்டு, சுத்தமான நீரில் அலசிவிடலாம். தரை துடைக்கும் கிருமிநாசினி, சாராயம் கலந்த மருந்து எதுவும் அதன் பக்கத்தில் வரக் கூடாது. ஒட்டுப்பசையால் வெடிப்பை மூடச் சொல்பவர்களும் உண்டு. உள்ளே மாட்டிய கிருமிக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்கு அது சமம். வளரும் ஓட்டுக்கும் தடை.

ரத்தம் நிற்கவில்லை, வெடிப்புக்குள் சதை தெரிகிறது, ஈ மொய்த்துவிட்டது என்றால் அயோடினோடு நேரத்தைப் போக்க வேண்டாம்.

சொட்டு மருந்தா, தீனியா?

வாங்கிய கடையில் கண்ணைக் காட்டியதும் யோசிக்காமல் ஒரு சின்னப் புட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். நான்கு நாள் விட்டேன், வீக்கம் அசையவில்லை. குட்டி ஆமைகளின் கண் வீங்குவதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: அழுக்குத் தண்ணீர், வைட்டமின் ஏ குறைபாடு. நாங்கள் அதற்குப் போட்டுவந்ததோ வெறும் காய்ந்த இறால். ஆசையாகத் தின்னும், ஆனால் அதில் வைட்டமின் ஏ போதாது, சுண்ணாம்புச் சத்தும் போதாது. மூலகாரணம் வயிற்றில் இருக்கும்போது கண்ணில் சொட்டு விட்டு என்ன பயன்? அந்தப் புட்டியை விற்ற அதே கைதான் இறால் டப்பாவையும் விற்றது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஆமைக்கென்று தயாரித்த சத்துக் குருணை, துருவிய கேரட், பரங்கிக்காய்த் துணுக்கு என்று மாற்றுவதே நிலையான தீர்வு. ஆனால் அங்கேதான் சிக்கல். கண் தெரியாத ஆமை இரை தேடாது. தின்னாத ஆமைக்கு நல்ல தீனியால் என்ன லாபம்? வாயைத் திறந்து திணிக்கலாமா என்று நான் யோசித்ததுண்டு. அரிசிமணி அளவு தாடையை நகத்தால் நெம்பினால் உடையும். வைட்டமின் மாத்திரையை உடைத்துக் கரைப்பதும் ஆபத்துதான். வைட்டமின் ஏ மிகுந்துபோனால் தோல் உரிந்து வரும்.

வெயிலா, விளக்கா?

இதில் நடைபாதை வெயிலுக்கு ஆதரவாளர்கள் அதிகம், நானும் ஒருத்தி. ஓடு கெட்டிப்படத் தேவையான புற ஊதா பி கதிரைச் சூரியன் இலவசமாகத் தருகிறது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு நடைபாதையில் காலை வெயிலில் கால் மணி நேரம் போதும். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் வைத்தால் வெளிச்சம் வரும், அந்தக் கதிர் வராது. ஆனால் சின்ன டப்பாவில் இருக்கும் கையளவு தண்ணீர் நம் வெயிலில் மளமளவென்று சூடேறும். பாதி இடம் நிழலாக இல்லையென்றால் தொலைபேசி அழைப்பு ஒன்றை முடித்துவிட்டு வருவதற்குள் குட்டி வெந்துவிடும். காக்கைகளையும் மைனாக்களையும் மறக்க வேண்டாம்.

புற ஊதா விளக்குக்குக் காசு ஆகும், குழாயை ஓராண்டுக்குள் மாற்றவும் வேண்டும். ஆனாலும் நவம்பர், டிசம்பர் மழையில் வேறு வழியில்லை. நோயாளிக்கு இரண்டையும்விட அவசரமானது சூடு. ஆமையின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. குளிர்ந்தால் செரிமானமும் நோயை எதிர்க்கும் சக்தியும் சேர்ந்து மந்தமாகும். தண்ணீர் 28 முதல் 30 பாகை வரை இருக்கட்டும். எங்கள் குட்டியின் டப்பா அதுவரை இருந்தது மகளின் படுக்கையறையில், இரவெல்லாம் 24 பாகையில் ஓடும் குளிரூட்டியின் நேர் கீழே.

வீடா, மருத்துவரா?

மூக்கில் குமிழி, வாயைப் பிளந்து மூச்சு, நீந்தும்போது ஒரு பக்கமாகச் சாய்வு: இவை நுரையீரல் தொற்றின் அடையாளம். அங்கே ஒப்பீட்டுக்கே இடமில்லை, அன்றைக்கே மருத்துவர்தான். கண் வீக்கத்தோடு எடையும் இறங்கினால் அதுவும் அப்படியே. மருந்தை எடைக் கணக்கில்தான் தருவார்கள். ஒரு கிலோவில் நூறில் ஒரு பங்குகூட வராத உயிருக்கு அந்த அளவைச் சமையலறையில் பிரிக்க முடியாது.

எல்லாக் கால்நடை மருந்தகங்களும் ஆமை பார்ப்பதில்லை; முதலில் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. பெருவிரைவு ரயிலில் செல்லப்பிராணிகளுக்கு அனுமதியில்லை என்பதால் டாக்சி. டப்பாவில் தண்ணீர் வேண்டாம், ஈரத்துணி போதும். மருத்துவர் குட்டியை உள்ளங்கையில் வைத்து, இமைக்கு உள்ளே சேர்ந்திருந்த வெண்ணிறக் கட்டியை மெல்ல வழித்தெடுத்தார். அரிசி நொய் போல இருந்தது. அது அங்கே இருக்கும்வரை எந்தச் சொட்டு மருந்தும் உள்ளே போயிருக்காது. வைட்டமின் அளந்து கொடுத்தார், கண்ணுக்குக் களிம்பு தந்தார். கட்டணம் ஆமையின் விலையைப் போலப் பல மடங்கு. வலித்தது, மறைக்கவில்லை.

நில ஆமைக் குட்டி வைத்திருப்பவர்கள், குறிப்பாக நட்சத்திர ஆமை, மருத்துவரிடம் போகவே அஞ்சுவார்கள். இங்கே அதை வளர்ப்பது சட்டவிரோதம். 2019 முதல் அதன் பன்னாட்டு வணிகமும் தடைப் பட்டியலில் இருக்கிறது. நம் ஊர்ப் பக்கத்திலிருந்து பெட்டியில் அடைபட்டு வரும் உயிர்கள் அவை. 2018 நவம்பரில் 51 நட்சத்திர ஆமைகளை இங்கிருந்து கர்நாடகத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். நோயுற்ற ஒன்று கையில் சிக்கினால் விலங்குகளை மீட்கும் ஏக்ரஸ் அமைப்பையோ தேசியப் பூங்காக் கழகத்தையோ அழைப்பதே வழி. அவர்கள் வரும்வரை நீராமைபோலத் தண்ணீரில் விட்டுவிடக் கூடாது; அது நீந்தாது. தாடைக்குக் கீழே நிற்கும் வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் உட்காரவைத்தால் போதும்.

எங்கள் குட்டிக்குப் பதினோராம் நாள் காலை இடக்கண் திறந்தது. வலக்கண் இன்னும் பாதிதான். ஒரு குருணையைப் பார்த்தது, தலையைச் சாய்த்தது, கடித்துத் துப்பியது, மறுபடி கடித்தது. எடுத்து நிறுத்தேன், 9 கிராம். ஆமைகள் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும் என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டதிலிருந்து அந்தத் தராசைச் சமையலறைக்குள் விட அத்தை மறுத்துவிட்டார். தேக்காச் சந்தையில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டார்.