விடுமுறைக் காலைச் சாப்பாடு: சேர்ந்தா, அவரவர் எழுந்தபடியா?

கோடை விடுமுறை விட்டதும் எழும் கேள்வி இது. எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்காரவைப்பதா, எழுந்தவர் எழுந்தபடி சாப்பிட விடுவதா?

அவரவர் நேரத்துக்கு விடுவதில் நியாயம் உண்டு. பதின்ம வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கமும் வேண்டும். சோம்பேறி என்று திட்டி எழுப்புவது பாவம். ஆனால் அடுப்படி மதியம்வரை ஓயாது. அந்தச் சுமை பெரும்பாலும் ஒருவர் தலையில்தான் விழும்.

சேர்ந்து சாப்பிட்டால் கிடைப்பது பேச்சு. பள்ளி நாட்களில் 'சீக்கிரம், நேரமாச்சு' என்பதோடு முடிந்துவிடும். விடுமுறையிலோ தட்டு காலியான பிறகும் சின்னவள் எழுந்திருக்க மாட்டாள். விரலால் தட்டில் கோடு கிழித்தபடி ராத்திரி கண்ட கனவை ஆதியிலிருந்து சொல்வாள். பெரியவன் நடுநடுவே குறுக்குக் கேள்வி கேட்பான். துருவித் துருவிக் கேட்டாலும் வாய் திறக்காத விஷயமெல்லாம் அப்போது தானாக வரும். கைபேசி மட்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

என் ஓட்டு சேர்ந்து சாப்பிடுவதற்கே, ஆனால் ஒன்பதரை மணிக்கு மேல். சிறுசுகளுக்கு அதுவரை பசி தாங்காது. எழுந்ததும் ஒரு பழம் கொடுத்துவிடலாம். வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் அமைந்தாலே போதும்.