ஓபிடி ஸ்கேனர்: பல ஆண்டுகள் கூடவே வைத்திருந்த அனுபவம்

என் காரின் கிளவ் பாக்ஸில் பல ஆண்டுகளாக ஒரு சின்ன புளூடூத் ஓபிடி ஸ்கேனர் இருக்கிறது. காரின் கம்ப்யூட்டர் பதிவு செய்து வைத்திருக்கும் கோளாறுகளைப் போனில் படித்துக் காட்டும் கருவி. ஈஎல்எம்327 என்ற சிப் வகை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். டேஷ்போர்டில் செக் என்ஜின் விளக்கு (என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு) எரிந்தால் அதைத்தான் எடுப்பேன். ஆனால் அதற்கும் முன்னால் பார்த்தே ஆக வேண்டிய ஒன்று உண்டு: விளக்கு நிலையாக எரிகிறதா, விட்டு விட்டு மின்னுகிறதா?

மின்னினால் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) கடுமையாக இருக்கிறது என்று பொருள். சிலிண்டரில் எரியாமல் தப்பிய பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பீங்கான் பகுதி உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ மாற்றி முடித்திருக்க வேண்டிய வேலை, காரிலேயே விலை கூடிய பாகங்களில் ஒன்றைக் காவு வாங்கிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஓரமாக நிறுத்துங்கள், டோ பண்ணிக் கொண்டுபோங்கள். "பக்கத்திலதானே வீடு" என்று ஓட்டிப்போக வேண்டாம்.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிகிறது, பிக்கப் குறையவில்லை, வண்டி உதறவில்லை, டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தில் நிற்கிறது என்றால் பதற வேண்டியதில்லை. மெதுவாக ஓட்டிப்போய், ஓரிரு நாளில் காட்டிவிடலாம். சிவப்பில் எரியும் ஆயில் பிரஷர் விளக்கையும் டெம்பரேச்சர் விளக்கையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை எரிந்தால் அந்த நிமிடமே நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும்.

ஸ்கேனரை மாட்டுவது எளிது. ஸ்டியரிங்குக்குக் கீழே டேஷ்போர்டின் அடியில் 16 பின் உள்ள சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இது கட்டாயமானது. இன்றைக்கு அநேகமாக எல்லாக் கார்களிலும் பார்க்கலாம். செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, போனில் ஆப்பைத் திறந்தால் கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) வந்துவிடும்.

பலரும் தடம் மாறுவது இங்கேதான். கோடு எங்கிருந்து புகார் வந்தது என்று மட்டும்தான் சொல்லும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று புகைக் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சொல்கிறது. உடனே "சென்சார் போச்சு" என்று சென்சாரையே கழற்றுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். என் காருக்கும் அதே கோடு வந்தது, ஒர்க்‌ஷாப்பில் அதே பதில்தான் சொன்னார்கள். நான் ஆப்பில் ஃபியூயல் டிரிம் (பெட்ரோல் அளவைக் கம்ப்யூட்டர் எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பது) பக்கத்தைத் திறந்தேன். ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது) 20 சதவீதத்துக்கு மேல் கூட்டல். அதாவது, கம்ப்யூட்டர் அவ்வளவு பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருந்தது. பொதுவாக 10 சதவீதத்துக்குள் இருந்தால்தான் நல்லது. 2500 ஆர்பிஎம்முக்கு ரேஸ் பண்ணினதும் அந்த எண் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. வெளிக்காற்று எங்கோ திருட்டுத்தனமாக உள்ளே வந்தால் இப்படித்தான் காட்டும்: ஐட்லிங்கில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் சின்ன ஓட்டைகூடப் பெரிதாகத் தெரியும். ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டில் (காற்று வால்வு) பக்கம் போகும் ரப்பர் ஹோஸைக் கையால் வளைத்துப் பார்த்தேன். மடிப்புக்குள் நகம் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். மேலே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஹோஸ் மாற்றியதும் டிரிம் இறங்கியது, பழைய சென்சார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பி0420ம் இதே மாதிரிதான். கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவு என்று வரும். கன்வெர்ட்டரே போயிருக்கலாம்; சைலன்சர் குழாய் இணைப்பில் புகை கசிந்தாலும், கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் தவறாகக் காட்டினாலும் இதே கோடு வரலாம். மிஸ்ஃபயர் கோடும் கூடவே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இந்தக் கோடுகளை அழிக்கும் பட்டன் ஆப்பில் பெரிதாகவே இருக்கும். கை அங்கே போகும் முன், தயவுசெய்து ஃப்ரீஸ் ஃபிரேமைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு பதிவான நேரத்தில் என்ன வேகம், என்ன ஆர்பிஎம், என்ஜின் சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். மெக்கானிக்குக் கோடு எண்ணைவிட அதுதான் உதவும். அழித்தால் அதுவும் போய்விடும், காரின் சுயபரிசோதனைகளும் முதலிலிருந்து தொடங்கும். புகைப் பரிசோதனையில் சாக்கெட் வழியாகவும் பார்க்கும் இடங்களில், அந்தச் சுயபரிசோதனைகள் முடியாத நிலையில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பேட்டரி வயரைக் கழற்றி விளக்கை அணைப்பதும் இதே கணக்குத்தான். கோளாறு உண்மையிலேயே சரியாகியிருந்தால், பொதுவாக மூன்று முறை வண்டி பழுதில்லாமல் ஓடி முடிந்ததும் விளக்கு தானாக அணையும். பெட்ரோல் ஆவிக் கசிவைக் கண்காணிக்கும் கார்களில், டேங்க் மூடி சரியாக இறுகாததால்கூட விளக்கு எரியும். மூடியை 'டிக்' சத்தம் வரும்வரை இறுக்கிவிட்டு இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள்.

கருவியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். என்ஜின் கோடுகளை நன்றாகப் படிக்கும்; ஏபிஎஸ், ஏர்பேக் கோளாறுகளை இந்த வகைச் சாதாரண ஸ்கேனர்கள் பெரும்பாலும் தொடாது. பி1 என்று தொடங்குபவை அந்தந்தக் கம்பெனியின் சொந்தக் கோடுகள் என்பதால் ஆப் பல நேரம் வெறும் எண்ணை மட்டும் காட்டும். மலிவான நகல்களில் சில பாதியில் தொடர்பை விட்டுவிடும். ஐபோன் வைத்திருப்பவர்கள் பழைய புளூடூத் மாடலை வாங்க வேண்டாம், இணையாது. வைஃபை அல்லது புளூடூத் எல்இ பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, அந்தச் சாக்கெட்டில் சாவி எடுத்த பிறகும் கரண்ட் இருக்கும். ஸ்கேனரை அப்படியே விட்டு வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடும். வேலை முடிந்ததும் பிடுங்கி கிளவ் பாக்ஸில் போட்டுவிடுங்கள்.