கொடைக்கானலில் உடம்பைக் குறைக்க முதல் அடி: ஏற்றமா, ஏரிச் சாலையா, வீட்டு நாற்காலியா?

நூறு கிலோவைத் தாண்டிய ஒருவர் உடம்பைக் குறைக்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், ஊரே ஆலோசனை சொல்லும். "விடியக்காலையில எந்திரிச்சு நடங்க" என்பார் ஒருவர். "சோத்தை நிறுத்துங்க" என்பார் இன்னொருவர். "இப்பத்தான் ஊசியே வந்துருச்சே" என்பார் அடுத்தவர். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் 75 கிலோக்காரருக்குச் சொல்வதை 128 கிலோ உள்ளவருக்கும் அப்படியே சொன்னால், சில நாளிலேயே முழங்கால் வீங்கி அவர் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்ததோடு விடுவதில்லை, "எனக்கு மன உறுதி பத்தல" என்று தன்னையே நொந்துகொள்வார். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். தவறு அவரிடம் இல்லை, அவருக்குக் கொடுத்த வழியில் இருக்கிறது.

இதை என் அண்ணனை மனத்தில் வைத்து எழுதுகிறேன். எடை 128 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. கணக்கில் 45. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். அவருக்குக் காய்கறி மண்டியில் கணக்கு எழுதும் வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தபடி. இந்த நிலையில் இருக்கிற ஒருவர் கொடைக்கானலில் எங்கிருந்து தொடங்கலாம் என்று ஒவ்வொரு வழியாக எடுத்துப் பார்க்கலாம்.

ஏற்றத்தில் தொடங்குவது

"மலையிலதானே இருக்கீங்க, தனியா எதுக்கு உடற்பயிற்சி?" என்று கீழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனந்தகிரித் தெருக்களில் ஒருமுறை ஏறி இறங்கினால் வியர்த்துக் கொட்டும், கலோரியும் நன்றாகச் செலவாகும். சமதளத்தில் நடப்பதைவிட ஏற்றத்தில் அதிகம் கரையும் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் ஏறியவர் இறங்கியாக வேண்டும். மூச்சு வாங்குவதால் ஏற்றம்தான் கஷ்டம் என்று தோன்றும். முழங்காலுக்கு அடி விழுவது இறக்கத்தில். ஒவ்வோர் அடியிலும் மொத்த உடம்பும் முன்னால் விழாதபடி தொடைத் தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பு முழுவதும் முழங்கால் சிரட்டையை அழுத்துகிறது. எடை கூடக் கூட அந்த அழுத்தமும் பல மடங்காகக் கூடும். மழை பெய்து பாசி பிடித்த சிமென்ட் படி என்றால் வழுக்கும் பயமும் சேர்ந்துகொள்ளும்.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிப்போனதுதான். ஆனாலும் 128 கிலோவைச் சுமந்து ஏறும்போது இதயத்துக்கு அந்தக் குறை தெரியும். கூடவே குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி பிரஷர் ஏறும். விடியக்காலை நாலரை மணிக்குக் குல்லா போட்டுக்கொண்டு ஏற்றத்தில் கிளம்புவதை, நாள்பட்ட பிரஷர், சுகர் உள்ள பெரிய உடம்புக்காரர் யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். அந்நேரத்தில் தெருவில் காட்டெருமை நிற்கும் என்பது தனிக் கதை. வேகமாக விலக முடியாதவர் இருட்டில் அதன் முன்னால் போய் நிற்கக் கூடாது.

ஆகவே ஏற்றம் நல்ல வழிதான், ஆனால் பிற்பாடு. 128-இலிருந்து 115-க்கு வந்த பிறகு யோசிக்கலாம்.

ஏரிச் சாலை

மலை ஊரில் ஐந்து கிலோமீட்டர் சமதளம் கிடைப்பது பெரிய கொடுப்பினை. 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் அணை கட்டி உண்டாக்கிய ஏரி அது. கரையைச் சுற்றிய சாலை கிட்டத்தட்ட தட்டையாகவே போகிறது. கோக்கர்ஸ் வாக்கும் நடக்க இதமான இடம். ஆனால் அங்கே சரிவு உண்டு, நுழைவுக் கட்டணம் உண்டு, சுற்றுலாக் கூட்டமும் உண்டு. தினசரி நடைக்கு ஏரிச் சாலையே மேல்.

இதில் ஒரு சிக்கல். ஏரி பள்ளத்தில் இருக்கிறது, வீடுகள் மேட்டில் இருக்கின்றன. மூஞ்சிக்கல்லிலிருந்தோ பேருந்து நிலையத்திலிருந்தோ நடந்தே ஏரிக்குப் போனால், தட்டையான நடை முடிந்ததும் வீடு திரும்ப ஓர் ஏற்றம் காத்திருக்கும். களைத்த காலோடு அதில் ஏறுவதுதான் பலரை மறுநாள் படுக்க வைக்கிறது. ஆரம்பத்தில் பைக்கிலோ வேனிலோ யாராவது கொண்டுபோய் விட்டு, கூட்டி வரட்டும். "நடக்கப் போறவருக்கு வண்டியா?" என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

சுற்றை முழுசாக முடிக்க வேண்டும் என்ற ஆசையும் வேண்டாம். சுற்றுப் பாதையில் பாதி தாண்டிவிட்டால் திரும்புவதும் அதே தூரம்தான், நடுவில் கால் விட்டுப்போனால் வழி கிடையாது. அதனால் படகு குழாம் பக்கம் தொடங்கி ஐந்து நிமிடம் முன்னால் போய், அதே வழியில் திரும்புங்கள். மறுநாள் உடம்பு ஒத்துழைத்தால் வாரத்துக்குச் சில நிமிடமாகக் கூட்டுங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும், அதுதான் சரியான வேகம். வெயில் வந்த பிறகு, எட்டு எட்டரைக்குப் போனால் குளிர் விட்டிருக்கும். சனி, ஞாயிறு வேண்டாம். சைக்கிளும் குதிரையும் காரும் நெருக்கும்.

யாரும் சொல்லாத ஒன்று தொடை உரசல். பெரிய உடம்புக்காரர்கள் நடையை நிறுத்துவதற்குப் பல நேரம் இதுவே காரணம், வெளியே சொல்லக் கூச்சம். உள்ளே முட்டிவரை வரும் பருத்தி டிரவுசர் போட்டுக்கொண்டு, உரசும் இடத்தில் வாசலின் தடவிப் போனால் புண் வராது. ரப்பர் செருப்பில் நடக்கக் கூடாது. முன்பக்கம் அகலமான ஷூ வேண்டும். சுகர் உள்ளவர்கள் வீடு திரும்பியதும் பாதத்தை அடிப்பக்கம்வரை பார்த்துவிட வேண்டும்.

வீட்டு நாற்காலி

ஏரிச் சாலையில் நாலு பேர் பார்ப்பார்களே என்று தயங்குகிறவர்களுக்கும், பத்து நிமிடம்கூட நிற்க முடியாதவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். மழை மாதங்களில் நாள்கணக்கில் பனிமூட்டம் இறங்கினாலும் இது நிற்காது.

பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், பாரம் தாங்காமல் கால் விரிந்துவிடும். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கை தாழ்வாக இருந்தால் கம்பளியை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். உயரம் கூடினால் எழும்போது முழங்காலுக்குச் சுமை குறையும். கையை ஊன்றியோ ஊன்றாமலோ மெதுவாக எழுந்து, மெதுவாக உட்காருங்கள். ஐந்து முறை. கொஞ்சம் இளைப்பாறி இன்னும் ஐந்து. அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். உட்கார்ந்தபடியே ஒரு காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள். ஒரு வாரம் பழகியதும் மடித்த கம்பளியில் ஒரு மடிப்பை எடுத்துவிடலாம்.

இதில் கரையும் கலோரி மிகக் குறைவுதான். ஆனால் தொடைத் தசைக்கு வலு ஏறும். அந்த வலுதான் பின்னால் ஏரிச் சாலையில் முழங்காலைக் காப்பாற்றும். மூன்றில் எது முதலில் என்று கேட்டால், என் பதில் நாற்காலி. ஏரிச் சாலை அதோடு சேர்ந்து நடக்கட்டும்.

தட்டா, நடையா?

எடை இறங்குவது பெரும்பாலும் தட்டில் நடக்கும் மாற்றத்தால்தான். 128 கிலோ உள்ளவர் சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஏறக்குறைய 80, 90 கலோரி செலவாகும். ஒரே ஒரு பரோட்டாவில் 250 கலோரிக்குக் குறையாது. ஆரம்பத்தில் ஒரு கிலோமீட்டரே பெரிய பாடு என்னும்போது, நடையை மட்டும் நம்பினால் தராசு அசையாது. நடை வேறு விதத்தில் உதவும். சுகரும் பிரஷரும் இறங்கும், தூக்கம் வரும், இறங்கிய எடை திரும்ப ஏறாமல் நிற்கும். சென்னையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சுகர் வரும் விளிம்பில் இருந்தவர்கள் சாப்பாட்டை மாற்றி நடையையும் கூட்டினார்கள். எடை பெரிதாகக் குறையாமலேயே சுகர் வரும் வாய்ப்பு கால் பங்குக்கு மேல் குறைந்தது. மாத்திரை கொடுத்தவர்களுக்குக் கிடைத்த பலனும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

தட்டில் என்ன மாற்றுவது? நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது டீ. குளிருக்கு ஒன்று, ஆள் வந்தால் ஒன்று, லோடு ஏறினால் ஒன்று என்று மண்டியில் நாளைக்கு ஆறு டீ சர்வசாதாரணம். டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 60 கிராம் சர்க்கரை, 240 கலோரி. பசி அடங்காமலே உள்ளே போகும் கலோரி அது. இதை நிறுத்தினால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. டீயையே விட வேண்டாம், ஒவ்வொரு வாரமும் அரை ஸ்பூன் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும். டீயோடு வரும் பஜ்ஜியை வாரத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது சோறு. சோற்றை அடியோடு விட்டு முட்டை, கறி, பனீர் என்று போகும் பேலியோ வழியில் முதல் மாதம் எடை சரசரவென்று இறங்கும். அதில் ஒரு பகுதி உடம்பு விடும் தண்ணீர். பொங்கலும் கல்யாண வீடும் வரும்போது இதைக் காப்பாற்றுவது கடினம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் முறைக்கும், வழக்கமாகச் சாப்பிடும் அளவைக் குறைப்பதற்கும் ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. யாருக்கு எது எளிதோ அதைப் பிடிக்கலாம். இன்சுலினோ சில வகை சுகர் மாத்திரைகளோ எடுப்பவர் தானாக விரதம் இருந்தால் சுகர் திடீரென இறங்கி மயங்கி விழுவார், அது ஆபத்து. காலையில் கரைத்துக் குடிக்கும் பவுடர் பானங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் நிறையவே கிடைக்கும்.

என் கணிப்பில் தொடக்கத்துக்கு ஏற்றது, சோற்றை விடாமல் தட்டின் கணக்கை மட்டும் மாற்றுவது. பாதித் தட்டுக்குக் காய், கால் தட்டுக்குச் சோறு, மீதிக்குப் பருப்போ முட்டையோ சுண்டலோ மீனோ. இதற்கு நம் மலையைவிட வசதியான ஊர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முட்டைக்கோஸ், பீன்ஸ், கேரட், சௌசௌ எல்லாம் அன்று பறித்த பசுமையோடு வரும். சௌசௌவில் நூறு கிராமுக்கு 20 கலோரிகூடக் கிடையாது, கூட்டு வைத்தால் வயிறு நிறையும். பட்டர் ஃப்ரூட் நல்லதுதான், ஆனால் நூறு கிராமுக்கு 160 கலோரி. பாலும் சர்க்கரையும் போட்டு ஜூஸாக அடித்தால் அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம்.

இப்படிப் போனால் மாதத்துக்கு இரண்டு, மூன்று கிலோ குறையலாம். கேட்க மெதுவாக இருக்கும். ஆனால் அண்ணன் எடையில் ஐந்து சதவீதம், அதாவது ஆறு கிலோ சொச்சம் குறைந்தாலே சுகர், பிரஷர் கணக்கு மாறத் தொடங்கும். முழங்காலில் வலி உள்ளவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் மூட்டின்மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைவதாகக் கண்டார்கள். அதன்படி ஆறு கிலோவுக்கு 24 கிலோ.

ஊசியும் அறுவையும்

வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைடு, டிர்செபடைடு ஊசிகள் உடல் எடைக்கென்றே 2025-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. பசியைக் குறைத்து, வயிறு மெதுவாகக் காலியாகச் செய்பவை. ஆய்வுகளில் ஒன்றரை ஆண்டுக்குள் சராசரியாக 15 முதல் 20 சதவீதம்வரை எடை குறைந்தது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரலாம். செமாக்ளூடைடை நிறுத்திய ஒரு வருடத்துக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதையும் பார்த்திருக்கிறார்கள். நீண்ட நாள் செலவு என்று தெரிந்துதான் இறங்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தானே போட்டுக்கொள்ளும் சரக்கு இல்லை அது.

இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைக்குப் பிறகு மொத்த எடையில் கால் பங்கோ அதற்கு மேலோ குறைந்து பல ஆண்டுகள் நிற்கிறது. விலையாக வாழ்நாள் முழுக்கச் சின்னச் சின்ன வேளைகளாகச் சாப்பிட வேண்டும், வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. பி.எம்.ஐ. 35-க்கு மேல் இருப்பவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம் என்று 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. ஆசியர்களுக்கு அந்த எல்லை இன்னும் கீழே, 27.5. "சோம்பேறிதான் ஆபரேஷன் பண்ணிக்குவான்" என்று பேசுகிறவர்களைக் கேட்டால் மனசு எரிகிறது. பி.எம்.ஐ. 45 உள்ளவருக்கு இது முறையான வைத்தியம்.

எந்த வழியாக இருந்தாலும் முதல் வாரத்திலேயே ஒருமுறை பரிசோதனை முடித்துவிடுங்கள்: பிரஷர், சுகர், தைராய்டு, ஈ.சி.ஜி. மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கு வரும் ஊழியர்கள் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால், அதை வீட்டில் கூடப் படுப்பவர்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும், தூங்குபவருக்குத் தெரியாது. மேல் சிகிச்சைக்குத் திண்டுக்கல்லோ தேனியோ மதுரையோ இறங்கும்போது அவரையும் கூட்டிப் போங்கள். எடுக்கும் மாத்திரைகளின் சீட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சு அடைத்தாலோ, தாடைக்கும் கைக்கும் வலி பரவினாலோ, கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ அங்கேயே உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.