மாம்பழக் கூழ் ஆலையில் எட்டு ஆண்டுகள் போஸ்ட்கிரெஸ்: ஒரு பயன்பாட்டு அனுபவம்

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு மாம்பழக் கூழ் ஆலையின் தரவுத்தளத்தை 2017 முதல் நான் பராமரித்து வருகிறேன். லோடு வந்த நேரம், எடைமேடைச் சீட்டு, தரம் பிரித்த அளவு, விவசாயிக்குச் சேர வேண்டிய தொகை ஆகிய அனைத்தும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில்தான் பதிவாகின்றன. ஆண்டின் பெரும்பகுதி இந்த சர்வருக்கு அதிக வேலை இல்லை. மே மாதத்தில் பெங்களூரா காய் வரத் தொடங்கிவிட்டால் இரவு பகல் பாராமல் பதிவுகள் குவியும். ஆகவே கோளாறு எதுவாயினும், அதைச் சரிசெய்ய அவகாசமே இல்லாத நாட்களில்தான் தலைகாட்டும். ஆலையில் இந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவனே. ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையிலும், தருமபுரியில் ஒரு மருத்துவமனையிலும் இதே பொறுப்பில் இருக்கும் இரு நண்பர்கள் இல்லையென்றால் இதற்குள் வேறு மென்பொருளுக்கு மாறியிருப்பேன் என்றே நினைக்கிறேன். அதனால் அவர்களுடைய உதவியையும் சேர்த்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதல் பெரிய பாடம் 2018 ஜூனில் கிடைத்தது. வண்டிகளின் டோக்கன் நிலையைக் காட்டும் சிறிய அட்டவணை ஒன்று நாளுக்கு நாள் மந்தமாகிக்கொண்டே வந்தது. போஸ்ட்கிரெஸ் ஒரு வரியைத் திருத்தும்போது பழைய வரியை உடனே அழிப்பதில்லை. புதிய பிரதியை எழுதிவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவைக்கும். அந்தச் செத்த வரிகளை ஆட்டோவேக்யூம் என்ற தானியங்கிப் பணி பின்னர் வந்து துப்புரவு செய்ய வேண்டும். ஒவ்வொரு டோக்கனும் வருகை, மொத்த எடை, காலி எடை, பட்டுவாடா என்று பலமுறை திருத்தப்படுவதால், சில ஆயிரம் வரிகளே இருக்க வேண்டிய அட்டவணை பல மடங்கு வீங்கியிருந்தது. எங்கோ அரைகுறையாகப் படித்த நினைவில், நண்பகல் வேளையில் நான், அட்டவணையைப் பூட்டி முழுவதும் புதிதாக எழுதும் வேக்யூம் ஃபுல் கட்டளையைக் கொடுத்துவிட்டேன். அது முடியவில்லை, அதன் பிறகு எடைமேடையில் எந்தத் திரையும் திறக்கவில்லை. காயோடு நின்ற வண்டிகளின் வரிசை வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்துவிட்டது.

பதற்றத்தில் ஓசூர் நண்பரை அழைத்தேன். அவர் தீர்வு எதையும் சொல்லாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அது யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்குன்னு பார்த்தீங்களாண்ணா?" அப்போதுதான் பார்த்தேன். முந்தைய நாள் மாலை ஒருவர் ஒரு டோக்கனைத் திருத்திவிட்டு, கமிட் ஆகாத, அதாவது மாற்றம் இறுதி செய்யப்படாத நிலையிலேயே திரையைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த ஒரு பரிவர்த்தனை (ஒரே தொகுப்பாக இறுதி செய்யப்படும் வேலை) திறந்திருந்ததால், அதற்குப் பிந்தைய செத்த வரிகளை ஆட்டோவேக்யூமால் நீக்க முடியவில்லை. அட்டவணையை முழுமையாகப் பூட்ட விரும்பிய என் கட்டளை அதன் பின்னால் நிற்க, மற்ற அனைவரும் என் கட்டளையின் பின்னால் நின்றிருந்தார்கள். என் கட்டளையை ரத்து செய்து, அந்த இணைப்பையும் துண்டித்து, முழுப் பூட்டு இல்லாமல் துப்புரவு செய்யும் சாதாரண வேக்யூமை ஓட்டிய பிறகு வண்டிகள் நகர்ந்தன. வீக்கத்தை முழுவதும் குறைக்கும் வேலையைச் சீசன் முடிந்த பின்னரே செய்தோம். இப்படிச் சும்மா கிடக்கும் பரிவர்த்தனையைத் தானாகவே துண்டிக்கும் கால வரம்பு 9.6 பதிப்பிலேயே இருந்தது. ஆனால் இயல்பாக அது அணைந்திருக்கும். ஆட்டோவேக்யூமும் இயல்பு அமைப்பில், அட்டவணையின் 20 சதவீத வரிகளும் கூடுதலாக 50 வரிகளும் மாறிய பிறகே விழிக்கும். பெரிய அட்டவணைகளுக்கு இந்த விகிதத்தைத் தனித்தனியே குறைத்து வைப்பது அவசியம். இந்த இரண்டையும் நிறுவிய அன்றே மாற்றாதது என் தவறு. ஆயினும் இயல்பு அமைப்புகள் புதியவர்களைக் காப்பாற்றும் விதத்தில் இல்லை என்பதை ஒரு குறையாகவே பதிவு செய்கிறேன்.

2024-இல் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஆதரவு முடிந்ததால், புதிய லினக்ஸ் உள்ள சர்வருக்குத் தரவுக் கோப்புகளை அப்படியே நகலெடுத்து மாற்றினோம். சில நாட்களில் விவசாயிகளின் பதிவு எண்ணைத் தேடினால் சிலருக்கு விடை வரவில்லை. ஒரே எண் மீண்டும் வராமல் தடுக்கும் தனித்துவ இண்டெக்ஸ் (தேடலுக்கான வரிசைப் பட்டியல்) இருந்தும் ஒரே எண் இருமுறை பதிவாகியிருந்தது. பணம் பட்டுவாடா ஆகும் அட்டவணை அது என்பதால் அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. தருமபுரி நண்பர் என்னை இரண்டு சொற்களை வரிசைப்படுத்திப் பார்க்கச் சொன்னார்: "1-1", "11". பழைய சர்வரில் 11 முதலில் வந்தது; புதியதில் 1-1 முதலில் வந்தது. எழுத்துகளை வரிசைப்படுத்த போஸ்ட்கிரெஸ் நம்பியிருந்த, லினக்ஸின் ஜி-லிப்-சி நூலகம் 2018-இல் வெளியான 2.28 பதிப்பில் எழுத்து வரிசை விதிகளைப் பெருமளவு மாற்றியது. இண்டெக்ஸோ பழைய வரிசையிலேயே அடுக்கப்பட்டிருந்தது. எங்கள் பதிவு எண்கள் அனைத்திலும் இடைக்கோடு உண்டு. இரட்டைப் பதிவுகளைச் சீட்டுகளோடு ஒப்பிட்டு நீக்கி, எழுத்து சார்ந்த எல்லா இண்டெக்ஸ்களையும் ரீஇண்டெக்ஸ் செய்த (புதிதாக அடுக்கிய) பிறகே நிம்மதி பிறந்தது. 15-ஆம் பதிப்பிலிருந்து தரவுத்தளத்தின் வரிசை விதிப் பதிப்பு மாறினால் எச்சரிக்கை வருகிறது. நாங்கள் அப்போது 13-இல் இருந்தோம்.

கிளைக் கிடங்கின் இணைய இணைப்பு அறுந்து, அங்குள்ள நகல் சர்வருக்காகக் காத்திருந்த மாற்றப் பதிவுக் கோப்புகள் டிஸ்க்கை நிரப்பிய நிகழ்வும் உண்டு. கையால் அழிக்கப் போன என்னை, "அந்த டைரக்டரியில மட்டும் கை வைக்காதீங்க" என்று நண்பர்களில் ஒருவர் தடுத்தார். அந்தக் கோப்புகள் இல்லாமல், மின்தடைக்குப் பின் தரவுத்தளம் எழவே முடியாது. நகல் சர்வருக்காகக் கோப்புகளைப் பிடித்து வைத்திருந்த, பயன்படாத நகல் ஸ்லாட்டை நீக்கியதும் இடம் தானாக விடுபட்டது. 13-ஆம் பதிப்பில் இதற்கு ஓர் உச்சவரம்பு வைக்க முடியும்.

உதவி கேட்பதற்கென்று எங்களுக்குள் ஒரு முறை படிந்திருக்கிறது. பதிப்பு எண், சர்வரின் குறிப்பேடான லாகில் உள்ள பிழைச் செய்தியின் முழு வாசகம், கட்டளை ஓடும் விதத்தைக் காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் தந்த திட்டம், நேற்றுவரை இல்லாமல் இன்று மாறியது என்ன, இவற்றைச் சொல்லாமல் யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் திருத்தும் கட்டளையையும் உண்மையாகவே ஓட்டிவிடும் என்பதால், அதை ஒரு பரிவர்த்தனைக்குள் வைத்து ரோல்பேக் செய்ய (மாற்றத்தைத் திரும்பப் பெற) வேண்டும். விவசாயிகளின் பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் ஆலையை விட்டு வெளியே போகக் கூடாது. மறைத்த பின்னரே அனுப்புகிறேன்.

மின்தடைகளை இத்தனை ஆண்டுகளில் பலமுறை கண்டிருந்தும், கமிட் ஆன ஒரு சீட்டைக்கூட இந்த மென்பொருள் தொலைத்ததில்லை. ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயலாக்கம் எழுப்புவதால் நினைவகம் அதிகம் செலவாவதும், பெரிய பதிப்பு மாற்றங்களுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டியிருப்பதும் இன்றுவரை தொடரும் குறைகள். இப்போது 17-ஆம் பதிப்பில் இருக்கிறோம். ஒவ்வோர் ஏப்ரலிலும், முதல் லோடு வருவதற்கு முன், பேக்கப்பை ஒரு காலி சர்வரில் மீட்டெடுத்துப் பார்க்கிறேன். முந்தைய சீசனின் பட்டுவாடாத் தொகை கணக்குப் புத்தகத்தோடு பொருந்தும் வரை தருமபுரி நண்பர் தொலைபேசியை வைப்பதில்லை.