கலிஃபோர்னியா அரசின் 24 டாலர் நலாக்சோன்

ஃபென்டனில், ஹெராயின் போன்ற போதைப்பொருள் அளவு மிஞ்சி மூச்சு அடங்கிப்போனவரை மீட்கும் மூக்கு ஸ்ப்ரே, நலாக்சோன். கால்ஆர்எக்ஸ் என்ற பெயரில் மாநில அரசே கொண்டுவந்தது. பெட்டியில் 4 மில்லிகிராம் கருவிகள் இரண்டு. 2023இல் மருத்துவர் சீட்டில்லாமல் கடைக்கு வந்த நார்கன் என்ற தனியார் நிறுவன ஸ்ப்ரே சுமார் 45 டாலர். இதிலும் அதே மருந்துதான்.

பலர் கோட்டைவிடுவது ஓரிடத்தில்: வேலை செய்கிறதா என்று காற்றில் அழுத்திப் பார்ப்பது. ஒரு கருவிக்கு ஒரே அழுத்து, அதோடு காலி. தலையைப் பின்னால் சாய்த்து, விரல்கள் மூக்கைத் தொடும்வரை முனையை நுழைத்து, அடிப்பகுதியை முழுதாக அழுத்த வேண்டும். உடனே அவசர உதவிக்கு 911 எண்ணை அழைக்க வேண்டும். 2, 3 நிமிடத்தில் அசைவில்லையென்றால் இரண்டாவது கருவி, மறு நாசியில். கண் திறந்தாலும் விட்டுப் போகக் கூடாது. 30 முதல் 90 நிமிடத்தில் மருந்தின் வீரியம் குறையும், மூச்சு மறுபடி அடங்கலாம்.

பயிற்சி பெற்று, கூலி வாங்காமல், நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் கொடுப்பவரை வழக்கிலிருந்து காக்கும் சட்டம் 2014 முதல் மாநிலம் முழுக்க உண்டு. தகுதியுள்ள அமைப்புகளுக்கு நலாக்சோனை அரசு இலவசமாகவே தருகிறது. அந்த அமைப்புகள் 24 டாலர் கொடுப்பது வீண். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் இந்த ஸ்ப்ரேயை வைக்காதீர்கள்.